முதல் குடம்

மழை மறந்துபோன ஒரு மேட்டில், கூரை இழந்த வீடுகளுக்கு நடுவே ஒரு பள்ளி இருந்தது. நீதி என்றால் என்ன என்று படிக்கிற பள்ளி. யவனர் எழுதியது, சீனர் எழுதியது, அரபியர் எழுதியது, நம்மவர் எழுதியது என்று ஏழு பெட்டி நிறைய நூல்கள். தண்ணீர்தான் கிடையாது. அரைக்காதம் நடந்து குடத்தில் கொண்டுவர வேண்டும்.

ஆசிரியை பெயர் நல்மங்கை. மாணவர்களில் மூத்தவர் திருமேனி. ஆசிரியையைவிடவும் எட்டு வயது மூத்தவர். பதினேழு வருஷமாகப் படிக்கிறார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. தினமும் வருகிற முதல் குடத்தை வாசலில் கிடக்கும் பழைய மாட்டுத்தொட்டியில் நல்மங்கை ஊற்றிவிடுவாள். அந்த மேட்டில் மாடே இல்லை. காக்கை குடிக்கும், மிச்சத்தை வெயில் குடிக்கும். ஏன் என்று திருமேனி முதல் வருஷமே கேட்டார். "பிறகு சொல்றேன்" என்றாள். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை.

ஒருநாள் காலையில் தீர்ப்புக் கேட்டு இரண்டு ஊரிலிருந்து ஆள் வந்தது. மேலூரிலிருந்து விருமன். கீழூரிலிருந்து இடுப்பில் பிள்ளையோடு செவந்தி. இரண்டு ஊருக்கும் ஏரி ஒன்று. அதில் கிடக்கிற தண்ணீர் ஒரு ஊர்ப் பயிருக்குத்தான் காணும். பாதி பாதி விட்டால் இரண்டும் கருகும்.

"விளைஞ்சதைப் பங்கு போட்டுக்கலாமே?" என்றார் திருமேனி.

"பங்கு போட்டா சோறு சித்திரையோட சரி" என்றான் விருமன். "அப்புறம் ரெண்டு ஊரும் சேர்ந்து பட்டினி கிடக்கலாம். துணைக்குத் துணை."

"அண்ணே, பேசும்போது பார்த்துப் பேசுங்க" என்றாள் செவந்தி. "உங்க தங்கச்சியும் எங்க ஊர்லதான் உலை வைக்கிறா."

செவந்தி மடியிலிருந்து பொரி எடுத்து முதலில் விருமனுக்குக் கொடுத்தாள், பிறகு பிள்ளைக்கு.

நல்மங்கை திருமேனியைப் பார்த்தாள். "ஐயா, இந்தத் தீர்ப்பு உங்களோடது. நாளைக்குக் காலையில சொல்லிருங்க."

திருமேனி ஏழு பெட்டியையும் திறந்தார். ஒரு நூல், வாய் எங்கே அதிகமோ அங்கே கொடு என்றது. ஒரு நூல், ஏரி வெட்டியவன் பேரனுக்குக் கொடு என்றது. ஒன்று, நலிந்தவனுக்கு முதலில் என்றது. ஒன்று, அரசன் சொன்னதுதான் நீதி என்றது. இன்னொன்று, சீட்டுப் போடு என்றது. ஒவ்வொன்றும் படிக்கிறபோது சரியாக இருந்தது. அடுத்ததைப் பிரித்ததும் முந்தினது பல்லிளித்தது.

மதியச் சோறு ஆறிப்போனது. பொழுது சாய எழுந்து வந்தார். கண் சிவந்திருந்தது.

"அம்மா, பதினேழு வருஷம் வீண். இதை எழுதினவங்க ஊர்ல எல்லாம் ஏரி நிரம்பிக் கிடந்திருக்கும்போல."

"குடத்தை எடுங்க" என்றாள் நல்மங்கை. "காலையிலேர்ந்து யாரும் தண்ணிக்குப் போகல."

போய் வந்தார்கள். அன்றைய முதல் குடம் திருமேனியின் தோளில் இருந்தது. நல்மங்கை அதை வாங்கித் தொட்டியில் கவிழ்த்தாள்.

திருமேனிக்குப் பொறுக்கவில்லை. "அங்கே ரெண்டு ஊர் சாகுது. இங்கே இல்லாத மாட்டுக்குத் தண்ணியா?"

நல்மங்கை தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"ஒரு பொண்ணு இருந்தா. இதே ஏழு பெட்டியையும் படிச்சவ. இதே மாதிரி ரெண்டு ஊர் அவகிட்ட வந்துச்சு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வாய்க்கால். அவளுக்கு உங்க சிக்கல் இல்ல. அதிசயமா எல்லா நூலும் ஒரே ஊரைத்தான் கைகாட்டிச்சு. தயங்காம சொல்லிட்டா."

"கொடுத்துவச்சவ."

"ஆமா. கூப்பிட்டு மாலை போட்டாங்க. தண்ணி கிடைக்காத ஊர்ல முதல்ல மாடு போச்சு. அப்புறம் கிழடுங்க போச்சு. அப்புறம் பால்குடிப் பிள்ளைங்க. மிச்சம் இருந்தவங்க ஒருநாள் காலையில கதவைக்கூடச் சாத்தாம நடந்துட்டாங்க."

திருமேனி கூரையில்லாத வீடுகளைப் பார்த்தார். வரிசையாக, எல்லாம் கதவு திறந்தே இருந்தன. பதினேழு வருஷமாகப் பார்த்த வீடுகள்தான்.

தொட்டியைத் தொடப் போன கையை இழுத்துக்கொண்டார்.

"அம்மா, தீர்ப்பு தப்பா?"

"இல்லையே. எத்தனையோ தடவை பெட்டியைத் திறந்து பார்த்துட்டேன். இன்னிக்கும் சரின்னுதான் சொல்லுது."

மறுநாள் காலையில் இரண்டு பேரும் வந்து நின்றார்கள். திருமேனி வாசலுக்கு வந்து சொன்னார்.

"தண்ணி மேலூருக்கு."

"ஏன் சாமி?" என்றாள் செவந்தி.

"அங்கே வாய் அதிகம், தாயி."

"எங்க ஊர்ல வாய் கம்மிதான்" என்றாள் அவள். "அதுக்கும் பசிக்கும்."

விருமன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். ஜெயித்தவன் மாதிரி இல்லை. "தங்கச்சியை மட்டுமாவது கூட்டிட்டுப் போயிரவா?" என்று கேட்டான். யாரைக் கேட்டானோ. செவந்தி பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.

திருமேனி உள்ளே போனார். பெட்டிப் பக்கம் திரும்பவில்லை. பாயைச் சுருட்டினார். ஒரு குடத்தை எடுத்துக்கொண்டார். கீழூர்ப் பாதையில் செவந்தியின் தலை சின்னதாகத் தெரிந்தது. வாசலில் ஒரு நொடி நின்றார்.

"அம்மா, அங்கே எத்தனை நாள் இருக்கணும்?"

நல்மங்கை அன்றைய முதல் குடத்தைத் தொட்டியில் சாய்த்துக்கொண்டிருந்தாள். கடைசிச் சொட்டு விழும்வரை நிமிரவில்லை.

"எனக்குத் தெரியாது ஐயா. நான் இங்கே வந்து இருபத்திரண்டு வருஷம்தான் ஆகுது."