பெயர் போடாத தாள்

"எத்தனை எடுத்தா பாஸும்மா?"

பல்கலைக்கழக உடற்பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்ததும் மாசிலாமணி கேட்ட முதல் கேள்வி இதுதான். மனுஷர் தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரி. வேறு எப்படிக் கேட்பார்?

பயிற்சியாளர் ஜெனிட்டாவுக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும்.

"இதுல பாஸ், ஃபெயில் எல்லாம் இல்ல சார். உடம்பு எப்படி இருக்குன்னு பார்க்கிறது, அவ்வளவுதான்."

"அதெல்லாம் சரி. நல்லா இருக்கேன்னு ஒரு தாள்ல எழுதிக் குடு, போதும்."

"எதுக்கு சார்?"

மாசிலாமணி குரலைத் தாழ்த்தினார்.

"அப்பா ஐம்பத்துநாலுல போனார். மாரடைப்பு. அண்ணனும் அதே ஐம்பத்துநாலு. எனக்கு வர்ற மாசம் ஐம்பத்துநாலு. பயமா இருக்கும்மா."

வீட்டில்கூடச் சொல்லாததை, முன்பின் தெரியாத பெண்ணிடம் கொட்டிவிட்டார்.

"டாக்டரைப் பார்த்தீங்களா?"

"அவர் எதையாவது சொல்லிட்டா?"

ஜெனிட்டா குட்டையான ஒரு மரப்படியை இழுத்துப் போட்டாள்.

"மூணு நிமிஷம் ஏறி இறங்கணும். முடியலேன்னா நிறுத்திடுங்க."

அவரா நிறுத்துவார்! சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு துடிப்பது ஜெனிட்டாவுக்குத் தள்ளி நின்றே தெரிந்தது.

"போதும் சார், உட்காருங்க."

"இன்னும் ஒரு நிமிஷம் இருக்கே?"

"இருக்கட்டும். மணிக்கட்டைப் பிடிச்சு நாடியை நீங்களே எண்ணுங்க. நான் கடிகாரம் பார்க்கிறேன்."

பதினைந்து விநாடி ஆனது.

"எத்தனை சார்?"

அவர் எண்ணியது முப்பத்தெட்டு. எதிர்ச் சுவரில் ஒரு நாடி அட்டவணை தொங்கியது. இருபத்தைந்துக்குள் என்றால் 'நன்று' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

"இருபத்துநாலு," என்றார்.

காப்பியடிக்கிற எத்தனை பேரிடம் பிட்டுத் தாளைப் பிடித்த கை அது! வாய் கொஞ்சம்கூடக் கூசவில்லை.

ஜெனிட்டா ஒரு தாளில் இருபத்துநாலு என்று எழுதினாள். பக்கத்தில் 'நன்று' என்றும் எழுதித் தாளை நீட்டினாள்.

வாங்கிப் பார்த்தார்.

"பேர் போடலையேம்மா?"

"இந்த இருபத்துநாலு யாருக்குன்னு எனக்குத் தெரியல சார். தெரிஞ்சா நீங்களே எழுதிக்கோங்க."

அவருக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

"என்ன, கிண்டலா? நான்தானே ஏறி இறங்கினேன்?"

"நீங்கதான் சார். எண்ணினதும் நீங்கதான்."

பேனாவை வெடுக்கென்று பிடுங்கினார். பெயர் எழுத வேண்டிய இடத்தில் முனையை வைத்தார்.

போன பருவத் தேர்வில், தன் அண்ணனுக்குப் பதிலாகப் பரீட்சை எழுத வந்த ஒரு பையனைப் பிடித்திருந்தார். பாடமெல்லாம் கடகடவென்று எழுதியவன், பேரைக் கேட்டபோது திருதிருவென்று விழித்தான்.

பேனா நகரவில்லை. விரல் நுனிவரைக்கும் இதயம் அடித்துக்கொண்டிருந்தது.

ஜெனிட்டா அவசரப்படுத்தவில்லை. ஒரு தம்ளர் தண்ணீரை மேசைமேல் வைத்துவிட்டு நின்றாள்.

"முப்பத்தெட்டு," என்றார் மெல்ல.

"யாருக்கு சார்?"

மாசிலாமணி பேனாவை மூடினார்.

"எனக்கும்மா."