ஆமை எழுதிய செய்திக் குறிப்பு

மலையடிக் காட்டு ஆற்றில் கல்லோடன் என்றோர் ஆமை இருந்தது. அகன்ற முதுகு, அதைவிட அகன்ற தற்பெருமை. அந்தக் கோடையில் அதற்கு நல்ல யோசனை ஒன்று தோன்றியது.

இக்கரையில் புல்லெல்லாம் காய்ந்துவிட்டது. அக்கரையோ பச்சைப் பசேலென்று கிடந்தது. கடப்பதற்கு இருந்த ஒரே வழி, ஆற்றின் குறுக்கே விழுந்துகிடந்த மருதமரம். அதன் மறுமுனையில் நரி பதுங்கியிருக்கும். ஆகவே சின்னப் பிராணிகளை முதுகில் ஏற்றி அக்கரை சேர்ப்பது, கூலியாக ஆளுக்கு ஒரு வாய் கீரை வாங்கிக்கொள்வது என்று ஆமை முடிவு செய்தது.

அந்தக் காட்டில் ஆட்காட்டிக் குருவி சொன்னால்தான் எதுவும் செய்தி. தினமும் விடிந்ததும் பாறைமேல் நின்று, வந்த குறிப்புகளை உரக்க வாசிக்கும். ஒரு சொல் கூட்டாது, குறைக்காது. ஆமையும் ஒரு தேக்கிலையில் செய்திக் குறிப்பு எழுதிக் கொடுத்தது.

மறுநாள் குருவி வாசித்தது: "ஆற்றின் அணிகலனும், ஏழு தலைமுறை நீச்சல் பரம்பரையின் வாரிசும், அசைக்க முடியாத ஓட்டுக்குச் சொந்தக்காரருமான கல்லோடனார் பெருமகிழ்ச்சியுடன்..."

இலையின் முன்பக்கம் முழுக்க இப்படியே போயிற்று. ஆற்றைக் கடக்கிற விஷயம் பின்பக்கத்தில், கடைசி வரியில் இருந்தது. அது வருவதற்குள் பாறையடி காலியாகிவிட்டது.

மூன்று நாள் காத்திருந்தும் ஒருவரும் துறைப்பக்கம் வரவில்லை. கேட்கத் தெரியாத கூட்டம் என்று ஆமை வாய்க்கு வந்தபடி திட்டியது. திட்டி ஓய்ந்த பிறகுதான் அதற்கு ஒரு சந்தேகம் வந்தது. மற்றவர்கள் சொல்வதை மட்டும் எப்படிக் கேட்கிறார்கள்? பார்த்துவிடுவோம் என்று மறுநாள் விடியலில் பாறையருகே ஒரு புதரில் போய் ஒளிந்துகொண்டது.

குருவியை அது பார்க்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த முயல்களின் காதுகளைப் பார்த்தது. மயில் தன் தோகை வளர்ந்த கதையை அனுப்பியிருந்தது, காதுகள் தொங்கின. காட்டுப்பன்றி தன் பிறந்தநாளை அறிவித்தது, இன்னும் தொங்கின. அடுத்துக் கீரி அனுப்பிய குறிப்பைக் குருவி வாசித்தது.

"வடக்குப் புற்றில் நாகம். நேற்று மாலை கீரி பார்த்தது."

அத்தனை காதுகளும் விறைத்து நின்றன!

ஆமைக்கு வேடிக்கையாக இருந்தது. ஏழே சொற்கள். கீரி தன் வீரத்தைப் பற்றி ஒன்றும் அளக்கவில்லையே! எங்கே, எப்போது, கேட்கிறவனுக்கு அதனால் என்ன, இவ்வளவுதானா சங்கதி?

உடனே புதிய இலை ஒன்றைத் தேடி எடுத்தது. ஏழு தலைமுறையை விட மனசே வரவில்லை. எழுதியது, முயல் காதுகளை நினைத்துக்கொண்டது, அடித்துவிட்டது.

மறுநாள் குருவி வாசித்தது: "நரி வழியில் போக வேண்டாம். ஆமை முதுகில் அக்கரைக்குப் போகலாம். நாவல்மரத் துறை, தினமும் வெயில் ஏறுமுன். கூலி ஒரு வாய் கீரை."

சற்று நேரத்தில் துறையில் ஒரே தள்ளுமுள்ளு. சந்தோஷத்தில் ஆமைக்குத் தலைகால் புரியவில்லை. கடைசி நடையில் ஒரு செவலை முயல் மட்டும் ஏறியது. நடு ஆற்றில் அது மெல்லக் கேட்டது.

"அண்ணே, இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"போன தடவையே சொன்னேனே தாயி. கடைசி வரியில இருந்துச்சே."

"நானும் என் தங்கச்சியும் அன்னைக்குப் பாறையடியிலதான் இருந்தோம். உங்க மூணாவது தலைமுறை வரைக்கும் கேட்டோம். பசி தாங்கல, கிளம்பிட்டோம். மருதமரத்து வழியா ரெண்டு பேரும் போனோம். நான் மட்டும்தான் திரும்பி வந்தேன்."

ஆமை வெட்கிப்போயிற்று. முயலை அக்கரையில் இறக்கிவிட்டு, நீட்டிய கீரையை வாங்காமல் திரும்பியது.

கேட்பவருக்கு வேண்டிய செய்தியை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். நம் பெருமையைப் பேசி முடிக்கும்வரை அவர்களுடைய ஆபத்து காத்துக்கொண்டிருக்காது.