எல்லாம் வண்டிதான்

ஓர் ஊரில், நகராட்சி வண்டிக் கொட்டகையில், ஒரு மைக் இருந்தது. அது சொல்லாமல் அங்கே ஒரு சக்கரமும் உருளாது. கோடை வந்தால் வெயிலுக்காக எல்லா வண்டிகளுக்கும் தார்ப்பாய் போர்த்திவிடுவார்கள். அப்புறம் மைக்குக்கு யாரைப் பார்த்தாலும் ஒன்றுதான். எல்லாரும் வெறும் 'வண்டி'.

செங்கமலத்துக்கு அதுதான் பொறுக்கவில்லை. அவள் தீயணைப்பு வண்டி. வயிறு முட்டத் தண்ணீரை வைத்துக்கொண்டு, பால்வண்டிக்கும் ரோடு ரோலருக்கும் நடுவில் பத்தோடு பதினொன்றாக நிற்பதென்றால் யாருக்குத்தான் மனசு ஆறும்?

ஒரு மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் தென்னைநார்க் குவியல் தீப்பிடித்துக்கொண்டது. சுவரோரம் பஞ்சராகிக் கிடந்த குட்டி ஆட்டோ அலறியது.

"ஐயோ அக்கா, என் கூரை காந்துதே!"

செங்கமலம் பதறிப்போனாள். "மைக்கண்ணே! என்னைத் தண்ணி பீய்ச்சச் சொல்லுங்க!"

"வண்டின்னா கிளம்பும், நிக்கும், ஹாரன் அடிக்கும். தண்ணி பீய்ச்சுமா?" என்றது மைக்.

"நான் தீயணைப்பு வண்டிண்ணே!"

"போன மாசமும் தார்ப்பாய்க்குள்ள இருந்து ஒருத்தன் 'நான் குப்பை வண்டி'ன்னான். நம்பி, குப்பையை அள்ளுன்னேன். பார்த்தா பால்வண்டி! இன்னும் ஊர்க்காரன் காப்பியில மீன் செதில் வருதாம். போதும்மா சாமி! எல்லா வண்டிக்கும் தெரிஞ்சதைத்தான் இனிமே சொல்லுவேன்."

"சும்மா விளையாட்டுக்குத்தான்…" என்று முனகிய பால்வண்டி, தார்ப்பாயை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டது.

ஆட்டோவின் பெயின்ட் கொப்பளிக்க ஆரம்பித்தது. செங்கமலத்துக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த அழுகைக்கு நடுவிலேதான் ஒரு யோசனை உதித்தது.

"சரிண்ணே. எல்லாருக்கும் தெரிஞ்சதையே சொல்லுங்க. ஹாரன் அடிக்கச் சொல்லுங்க!"

"அதுக்கென்ன, சொன்னாப் போச்சு. வண்டிகளே, ஹாரன் அடிங்க!"

பால்வண்டி 'பீப்' என்றது. ரோடு ரோலர் கரகரவென்று இருமியது. செங்கமலம் வாயைத் திறந்தாள். கணகணவென்று மணியும் கூவென்று சங்கும் சேர்ந்து கிளம்பியதில் கொட்டகைத் தகரமே அதிர்ந்தது.

"அடி ஆத்தீ! தீயணைப்பு வண்டியேதான்!" என்று கூவியது மைக். "செங்கமலம், ஓடு தாயி! தண்ணியைப் பீய்ச்சு!"

அவள் தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தாள். கொஞ்ச நேரத்தில் தீ அடங்கிப் புகைதான் மிஞ்சியது. தொப்பலாக நனைந்த ஆட்டோ ஒரு தும்மல் போட்டு, "அப்பாடா, பிழைச்சேன்!" என்றது. செங்கமலத்துக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

மைக் தயங்கித் தயங்கிச் சொன்னது: "உன்னைப் போய் வெறும் வண்டி வண்டின்னே கூப்பிட்டுக்கிட்டு இருந்துட்டேனே."

செங்கமலம் சிரித்துவிட்டாள்.

"தாராளமா கூப்பிடுங்கண்ணே. கூப்பிடுறது எந்தப் பேரா இருந்தா என்ன? பதில் சொல்றது என் தொண்டைதானே!"