‘வெயிட்’டுக்குப் பின்னால் எது வரும்?

பாளையங்கோட்டையில் ஒரு டயர் கடையின் மாடியில் ஹெப்சிபா மிஸ்ஸின் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. வெளிநாட்டு வேலைக்குப் பரீட்சை எழுதும் நர்சுகள்தான் வருவார்கள். நைட் டூட்டி முடிந்து நேரே வருகிறவர்களுக்காகக் காலையிலேயே வகுப்பு. பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள்.

மிஸ்ஸுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. குரல் மட்டும் ரிட்டயர் ஆகும் வயதுக்கு வந்துவிட்டது. தினமும் அதே பாட்டு. ‘டிபெண்ட்’ என்றால் ‘ஆன்’. ‘லிசன்’ என்றால் ‘டு’. ‘லுக் ஆஃப்டர்’ என்றால் பார்த்துக்கொள்வது, ‘லுக் ஃபார்’ என்றால் தேடுவது. வெள்ளைக்காரன் ஒவ்வொரு வினைச்சொல்லின் வாலிலும் ஒரு குட்டிச் சொல்லைக் கட்டிவிட்டுப் போய்விட்டான். அதைப் பிடிக்க இவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் மூத்தவள் பொற்கொடி. மிஸ்ஸைவிடப் பதினைந்து வயதாவது பெரியவள். அதனால் மிஸ் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். எதற்கெடுத்தாலும் ‘ஏன்’ என்று கேட்பது பொற்கொடியின் வழக்கம்.

“‘லிசன்’னுக்கு ஏன் மிஸ் ‘டு’? ‘ஹியர்’ருக்கு மட்டும் ஏன் ஒண்ணுமே இல்ல?”

“அக்கா, நீங்க வீட்டுக்காரர் மேல கோபப்படுறீங்க. அவரோட சண்டை போடுறீங்க. மாமியாருக்குப் பயப்படுறீங்க. ஏன் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி?”

“அப்படித்தானே மிஸ் சொல்லுவாங்க?”

“அங்கயும் அப்படித்தான் சொல்லுவாங்க.”

பொற்கொடிக்கு அந்தப் பதில் போதவில்லை. மனப்பாடம் செய்தாள். எந்த வினைச்சொல்லைக் கேட்டாலும் வாலோடு சேர்த்துப் பிசகாமல் ஒப்பிப்பாள். ஆனால் பேசச் சொன்னால் வினைச்சொல் வந்ததும் நின்றுவிடுவாள். அடுத்தது ‘டு’வா, ‘ஃபார்’ஆ என்று உள்ளே தேடுவாள். தப்பாகச் சொன்னால் சிரிப்பார்களே என்ற பயம். பரீட்சையிலும் அப்படி நின்றுதான் ஃபெயிலானாள். பாவம், தெரியாதவள் பாஸாகிவிடலாம். தெரிந்துவைத்துக்கொண்டு நிற்கிறவள்தான் மாட்டிக்கொள்கிறாள்.

ஒரு நாள் பொற்கொடி வகுப்பு பாதி போன பிறகு வந்தாள். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. உள்ளே வராமல் வாசலிலேயே நின்று கேட்டாள்.

“மிஸ், ‘வெயிட்’டுக்கு ‘டு’வா, ‘ஃபார்’ஆ?”

மிஸ் ஆறிப்போன டீயைக் கீழே வைத்தாள். “என்னக்கா ஆச்சு?”

“வார்டுல ஒரு பெரியவர் இருக்காரு மிஸ். கல்கத்தாக்காரர். கன்னியாகுமரிக்குப் போற வழியில கார் கவுந்துடுச்சு. ரெண்டு கால்லயும் கட்டு. அவர் சம்சாரத்துக்குக் கையில மட்டும்தான் முறிவு, கீழ லேடீஸ் வார்டுல இருக்காங்க. விடிஞ்சதும் இவருக்கு நினைவு வந்துச்சு. ‘வேர் இஸ் மை வைஃப்’னு என்கிட்ட கேட்டாரு.”

“சொன்னீங்களா?”

“உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்காங்கன்னு சொல்ல நினைச்சேன். ‘வெயிட்டிங்’ வரைக்கும் மனசுல வந்துடுச்சு. அதுக்கு மேல எதைப் போடுறதுன்னு யோசிச்சேன் மிஸ். வாயே திறக்கல. அவர் என் மூஞ்சியையே பார்த்தாரு. அப்புறம் அழ ஆரம்பிச்சுட்டாரு.”

தூங்கிக்கொண்டிருந்தவர்கள் விழித்துக்கொண்டார்கள்.

“செத்துட்டாங்கன்னு நினைச்சுட்டாரா?”

“ஆமா மிஸ். ‘நோ, நோ’ன்னேன். அதுக்கு இன்னும் சத்தமா அழுதாரு.”

“வேற யாருமே சொல்லலையா?”

“டாக்டர் ஆபரேஷன் தியேட்டர்ல இருக்காரு. டே டூட்டிக்கு வந்த பொண்ணுக்கு என் அளவுகூட இங்கிலீஷ் வராது.”

“அழுதுக்கிட்டிருக்கிறவரை விட்டுட்டு இதைக் கேட்கவா வந்தீங்க?”

“தப்பா சொல்லிடக் கூடாதில்ல மிஸ். ‘ஃபார்’தானே?”

மிஸ் புத்தகத்தை மூடினாள். ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். பொற்கொடி பின்னால் ஓடினாள்.

வழியில் இன்னொரு முறை கேட்டாள். மிஸ் வண்டியை இன்னும் வேகமாக ஓட்டினாள். ஒரு குட்டிச் சொல், சொல்லித் தொலைத்தால்தான் என்ன என்று கதை சொல்கிற எனக்கும் ஆத்திரமாகத்தான் இருக்கிறது.

வார்டு வாசலில் பொற்கொடி மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்களே சொல்லிடுங்க மிஸ். உங்களுக்குத்தான் நல்லா வருமே.”

“அவர் கேட்டது உங்ககிட்ட.”

மிஸ் வாசலிலேயே நின்றுகொண்டாள்.

பெரியவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அழுது ஓய்ந்த முகம். தண்ணீர் டம்ளர் தொடாமல் அப்படியே இருந்தது. பொற்கொடி கட்டிலருகே போய் நின்றாள். பழையபடி உள்ளே தேட ஆரம்பித்தாள். அவர் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. வாயில் வந்ததைக் கொட்டினாள். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். லேடீஸ் வார்டு இருக்கும் பக்கம் விரலைக் காட்டினாள். கட்டுப் போட்ட கை எது என்று தன் கையைத் தூக்கிக் காட்டினாள். அம்மா இட்லி சாப்பிட்டாங்க என்றுகூடச் சொன்னாள்.

“அலைவ்?” என்றார் அவர்.

“யெஸ் சார். யெஸ்.”

அவர் அவள் கையை இழுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டு மறுபடியும் அழுதார். பெங்காலியில் நிறையப் பேசினார். அவளுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டே அவளும் அழுதாள்.

வெளியே வந்து வராந்தா பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். இரவெல்லாம் நின்ற களைப்பு அப்போதுதான் காலில் இறங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெதுவாகக் கேட்டாள்.

“மிஸ், நான் ‘டு’ போட்டேனா, ‘ஃபார்’ போட்டேனா? எனக்கே ஞாபகம் இல்ல.”

மிஸ் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“தெரியலக்கா. நான் அவர் முகத்தைப் பார்த்துக்கிட்டிருந்தேன்.”