அடுத்த வீட்டுச் சிரிப்பு

முன்னே பின்னே மாற்றிச் சொல்லிக் கதையைக் கெடுத்துவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

டிவி நகைச்சுவைத் தொடரில் நடிகர்களின் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அஞ்சுகம், முதல் தடவையாக ஒரு காட்சி எழுதிக்கொண்டு வந்தாள். தயாரிப்பாளர் ஏகாம்பரம் எல்லார் முன்னாலும் சொன்னார்: "டேக்கில யாரும் சிரிக்கலைன்னா காட்சி மட்டம், நீ வீட்டுக்குப் போ. யாராவது சிரிச்சா அந்தச் சத்தம் பதிவாகி டேக் கெட்டுடும். அப்பவும் நீ வீட்டுக்குப் போ."

"டேக்கைக் கெடுக்கிறது வேற யாராவதா இருந்தா சார்?"

"நானே ஆனாலும் வீட்டுக்குத்தான்."

அஞ்சுகம் தாளில் ஒரு வரி சேர்த்துக் கொடுத்தாள்.

கேமரா ஓடியது. மாப்பிள்ளையின் டோப்பா பாயசத்தில் விழுந்தது. மாமியார் அதைக் கரண்டியால் அள்ளி, "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்றாள். லைட்மேன் வரைக்கும் எல்லாரும் வெடித்துச் சிரித்தார்கள்.

கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே, "டேக் போச்சு, கிளம்பு!" என்று ஏகாம்பரம் கத்தினார்.

அவள் தாளை நீட்டினாள். "அடுத்த வீட்டில் பலர் சிரிக்கும் சத்தம்னு எழுதியிருக்கேன் சார். சிரிப்பு காட்சியில இருக்கு. நீங்க கத்தினதுதான் இல்லை, டேக்கைக் கெடுத்தது அதுதான். காரை வரச் சொல்லட்டுமா?"

ஏகாம்பரம் அசடு வழிய உட்கார்ந்தார். அஞ்சுகத்தின் வேலை நிலைத்தது. பின்னாளில் அவளே தயாரிப்பாளரும் ஆனாள். ஆனால் அவரிடம் இருந்தவரை, தான் எழுதிய ஒவ்வொரு காட்சியிலும் பாதுகாப்புக்காக இன்னொரு வரியும் சேர்த்துவிடுவாள்: "அடுத்த வீட்டுக்காரர் காரணமில்லாமல் கத்துகிறார்."