ஆளுக்குப் பாதி போர்வை

வெகு காலத்துக்கு முன்னால் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. ஆனால் இந்தக் கதையில் ஏசி வருகிறது. அதனால் அவ்வளவு பழைய காலம் இல்லை. தாராபுரத்தில் ஒரு வீட்டில், ஒரு கட்டிலின் மேல், ஒரு போர்வை இருந்தது.

நீலக் கட்டம் போட்ட டபுள் காட் போர்வை. அந்த டபுள் என்கிற விஷயத்தில் அதற்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. "ஒத்தை ஆளுக்கு ஒரு துண்டு போதும். ரெண்டு பேரைச் சேர்த்து மூடுறதுக்குப் பேருதான் போர்வை" என்று அடிக்கடி சொல்லும். மேலே தொங்கிக்கொண்டிருந்த ஃபேனுக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அந்த ரெண்டு பேர் நாச்சிமுத்துவும் துளசிமணியும். புருசன் பெண்டாட்டி. நாச்சிமுத்துவுக்குப் பால் கம்பெனியில் வேலை. அங்கே குளிர் ரூம் என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் நின்று தயிர், மோர், வெண்ணெயை எல்லாம் அடுக்க வேண்டும், வண்டி வந்தால் எடுத்துக் கொடுக்க வேண்டும். துளசிமணிக்கு வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் சிப்ஸ் வியாபாரம். வாழைக்காயைச் சீவி, கொதிக்கிற எண்ணெயில் போட்டு, அரித்தெடுத்து, பாக்கெட் கட்டி, கடை கடையாகக் கொடுத்து அனுப்புவாள். அவன் பகல் முழுக்கக் குளிரில், அவள் பகல் முழுக்க அனலில்.

இப்படிப்பட்ட ரெண்டு பேர் ஒரே அறையில் படுத்தால் என்ன நடக்கும்? நீங்கள் நினைப்பதுதான் நடந்தது. அவள் ஏசியைப் பதினெட்டில் வைப்பாள். அவன் இருபத்தேழுக்கு ஏற்றுவான். அவள் இறக்குவாள். அவன் ஒரேயடியாக அணைத்துவிட்டு ஃபேனை ஒன்றில் சுற்ற விடுவான். ரிமோட் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் போய் வந்தே தேய்ந்தது.

போர்வைக்கு இதில் என்ன பங்கு என்றால், இழுபடுவது. ஏசி பதினெட்டில் ஓடினால் அவன் போர்வையைத் தலை வரைக்கும் இழுப்பான். கொஞ்ச நேரம் போனால் அவளும் இழுப்பாள். பதினெட்டில் வைத்துவிட்டுப் போர்வை எதற்கு என்று கேட்காதீர்கள். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் தூங்குகிறார்கள், அவளை மட்டும் கேட்டு என்ன ஆகப்போகிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாலுக்கு ஏது ஞாயிறு, நாச்சிமுத்து விடிகாலையிலேயே வேலைக்குப் போய்விட்டு மத்தியானம்தான் வந்தான். கல்யாண ஆர்டர் என்று துளசிமணியும் அதுவரை அடுப்பை அணைக்கவில்லை. ரெண்டு பேரும் சாப்பிட்டார்கள். கறிக்குழம்பில் உப்பு கம்மி என்று அவன் சொன்னான், போட்டுக்கொள்ளத் தெரியாதா என்று அவள் கேட்டாள். அந்தச் சூட்டோடு வந்து படுத்தார்கள். அவள் ரிமோட்டை எடுத்தாள். பதினெட்டு.

"ஏம்புள்ள, நான் என்ன தயிர் பாக்கெட்டா? இங்கயும் கொண்டாந்து குளிர் ரூம்ல அடுக்கறே?"

"நான் மட்டும் என்ன வாழைக்காயாங்க? காத்தால இருந்து வெந்தது போதாதா?"

அவன் ரிமோட்டைப் பிடுங்கி அணைத்தான். ஏசி வாயை மூடிக்கொண்டது. அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"நாளெல்லாம் ஐஸுக்குள்ள நிக்கிற மனுசனுக்கு இது ஒரு குளிருங்களா? உங்களுக்குப் பழகியிருக்க வேண்டாம்?"

"அடுப்புக்கிட்டயே நிக்கிறவளுக்கு ஒரு மத்தியான வேக்காடு புதுசா? உனக்குப் பழகியிருக்க வேண்டாம்?"

ரெண்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு அது தெரியவில்லை. போர்வைக்குத் தெரிந்தது, ஆனால் அது யாரிடம் போய்ச் சொல்லும்?

"நான் ஹால்ல படுத்துக்கறேன்" என்றான் நாச்சிமுத்து.

"தாராளமா படுங்க."

"இன்னிக்கு மட்டும் இல்ல. இனிமே என்னைக்கும்."

துளசிமணி அவிழ்ந்த கொண்டையை இறுக்கி முடிந்தாள். பிறகு, "சரிங்க. என்னைக்கும்" என்றாள்.

அவன் எழுந்து போர்வையை இழுத்தான். அவள் மறுமுனையைப் பிடித்தாள்.

"இதை எடுத்துட்டுப் போனா எனக்கு?"

"உனக்குத்தான் வேகுதே. போர்வை எதுக்கு?"

"அது என் பாடு. வேணும்."

"அப்போ ஆளுக்குப் பாதி."

"ஆளுக்குப் பாதி. ஓரம் அடிக்க டெய்லர்கிட்ட குடுத்துக்கலாம். இருங்க, கத்திரிக்கோல் எடுத்தாறேன்."

புதுசாக ஒன்று வாங்கினால் தீர்ந்தது என்று உங்களுக்குத் தோன்றும். கோபத்தில் இருக்கிற ரெண்டு பேருக்கு அது தோன்றாது. இருப்பதைப் பிரிக்கத்தான் தோன்றும். அவள் கொட்டகைக்குப் போனாள். அவன் ஹாலில் மடக்குக் கட்டிலை விரிக்கப் போனான்.

போர்வை மேலே பார்த்து அலறியது.

"ஃபேனண்ணா! கேட்டீங்களா? என்னை வெட்டப் போறாங்க!"

"கேட்டேன்" என்றது ஃபேன். "எல்லாம் இந்த ஏசி வந்ததால வந்த வினை. நான் மட்டும் இருந்தப்போ இந்த வீட்டுல ஒரு சண்டை உண்டா?"

"ஏன் இல்லை?" என்று கட்டிலில் மல்லாந்து கிடந்த ரிமோட் குறுக்கே விழுந்தது. "உன் ரெகுலேட்டரைத் திருகித் திருகி உடைச்சதே அவங்கதானாமே. நான் வர்றதுக்கு முந்தின கதை, நீயே சொன்னதுதான்."

ஃபேன் பார்வையை ஏசி பக்கம் திருப்பியது.

"என்னைப் பார்க்காதீங்க" என்றது ஏசி. அது சுவரில் உயரத்தில் இருப்பதால் யாரிடம் பேசினாலும் மேலிருந்துதான் பேசும். "ரிமோட் என்ன சொல்லுதோ அதைச் செய்றேன். பதினெட்டுன்னா பதினெட்டு. என் வேலையில ஒரு குறை சொல்லுங்க பார்ப்போம்."

"நான் மட்டும் என்ன, யாரு அமுக்குனாலும் அவங்க சொல்றதைத்தான் சொல்றேன்" என்றது ரிமோட்.

"அப்போ தப்பு யார் மேல?" என்று கேட்டது போர்வை.

"அவங்க மேலதான்" என்றது ஏசி. "குளிர்ல வேலை பாக்கறவனுக்குக் குளிரு ஒத்துக்கணும். சூட்டுல வேலை பாக்கறவளுக்குச் சூடு ஒத்துக்கணும். அதானே நியாயம்? நான் வருசக்கணக்கா குளிர்லயே இருக்கேன், எனக்கு என்ன ஆச்சு?"

போர்வைக்குக் கோபம் வந்தது. அது சாதாரணமாகக் கோபப்படாத சாதி. வந்தால் மட்டும் அடங்காது.

"உங்களுக்கு என்னங்க தெரியும்? ரூம் எத்தனை டிகிரின்னு தெரியும். ஆளு எப்படி இருக்கான்னு தெரியுமா? அவங்க ரெண்டு பேரையும் உடம்பு முழுக்கத் தொட்டவன் நான் ஒருத்தன்தான். அவரு காலை என் மேல வெச்சா, போட்டுட்டு எந்திரிச்சு ஓடிரலாமான்னு இருக்கும், அத்தனை ஜில்லு. இன்னும் குளிர் ரூம்லயே நிக்கிற காலு அது. அந்தம்மா முதுகு பட்டா என் நூலெல்லாம் சுருண்டுரும்போல இருக்கும். குளிச்சிட்டு வந்தாலும் அடுப்பு அந்த உடம்புக்குள்ள எரிஞ்சுட்டேதான் இருக்குது. ரெண்டு பேருக்கும் ஒண்ணும் பழகலை. வேலைக்குப் போன இடத்துல இருந்து வெயிலையும் பனியையும் உடம்போட கட்டிக்கிட்டு வர்றாங்க. இதை அவரு அந்தம்மாகிட்ட சொன்னதில்லை, அந்தம்மா அவருகிட்ட சொன்னதில்லை."

 

"சொல்லியிருக்கலாமே" என்றது ஃபேன் மெதுவாக.

"யாரு கேட்டாங்க?" என்றது போர்வை. "எத்தனையில வெக்கறதுன்னுதான் தினமும் கேட்டுக்கறாங்க."

அதற்குள் துளசிமணி வந்துவிட்டாள். கத்திரிக்கோலைக் கட்டிலில் போட்டுவிட்டு, "ஏனுங்க, வாங்க, ஒரு பக்கம் பிடிங்க" என்று ஹாலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

அது சிப்ஸ் பாக்கெட் கவர் வெட்டுகிற பெரிய கத்திரிக்கோல். உடம்பெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. வந்ததும் வராததுமாகப் போர்வையை ஒரு பார்வை பார்த்தது.

"நல்ல கெட்டித் துணியா இருக்குதே. எங்க வெட்டணும்?"

"ஐயா, கொஞ்சம் கேளுங்க" என்றது போர்வை. "என்னை வெட்டினா ரெண்டு பேருக்கும் பத்தாதுங்க. கால் வெளிய நிக்கும், முதுகு வெளிய நிக்கும். அதுகூடப் பரவாயில்லைங்க. அப்புறம் இவரு ஹாலு, அந்தம்மா ரூமு. நான் ரெண்டா போறது பெருசில்லை, அவங்க ரெண்டா போயிருவாங்க."

"இத பாரு" என்றது கத்திரிக்கோல். "எனக்கும் வருத்தம்தான். ஆனா கையில பிடிச்சு அமுக்கினா வாய் மூடித்தான் ஆகணும். என் பொழப்பு அப்படி. கோடு எங்க இருக்குதுன்னு மட்டும் காட்டச் சொல்லு. கோணலா வெட்டினா எனக்குக் கெட்ட பேரு."

"உங்களுக்கு மனசே இல்லீங்களா?"

"கொட்டகைக்கு வந்து பாரு, மனசு இருக்குதா இல்லையான்னு. அங்க நானே தொட முடியாம கொதிச்சுப் போறேன். அந்தம்மா எப்படித்தான் நிக்கிறாங்களோ, மகராசி."

நாச்சிமுத்து வந்தான். போர்வையைக் கட்டிலின் குறுக்கே சுருக்கமில்லாமல் விரித்தார்கள். அந்தப் பக்கம் அவன் நின்றான், இந்தப் பக்கம் அவள்.

"நடுவுல வெட்டணும். நடு எது?" என்று கேட்டான்.

"டேப்பு எங்கன்னு தெரியலீங்க. சாண்ல அளந்துக்கலாம்."

"சரி, நான் அளக்கறேன்."

"நீங்க அளந்தா உங்க சாண் பெருசு. பாதிக்கு மேல உங்க பக்கம் போயிரும்."

"அப்போ நீயே அள."

"நான் அளந்தா ஏமாத்திட்டேன்னு சொல்லுவீங்க. நீங்க அங்க இருந்து வாங்க, நான் இங்க இருந்து வரேன். முட்டுற இடம் நடு."

நியாயம் கெட்ட ஏற்பாடுதான். பெரிய சாணும் சின்னச் சாணும் எதிரெதிரே கிளம்பி வந்தால் முட்டுகிற இடம் எப்படி நடுவாக இருக்கும்? ஆனால் ஒருத்தரை ஒருத்தர் நம்பாத நேரத்தில் இதைவிட நல்ல கணக்கு அவர்களுக்குத் தோன்றவில்லை. ரெண்டு பேரும் முட்டி போட்டுக் கட்டிலில் ஏறினார்கள்.

கட்டைவிரலை ஊன்றி, சுண்டுவிரலை நீட்டி, அவன் ஒரு சாண் வைத்தான். அவளும் ஒரு சாண் வைத்தாள். போர்வை மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. அந்தப் பக்கம் ஒவ்வொரு சாணும் ஐஸ் வைத்தது போலச் சில்லிட்டது. இந்தப் பக்கம் ஒவ்வொரு சாணும் சுட்டது. குளிரும் சூடும் ஒன்றையொன்று பார்த்து நகர்ந்து வந்தன. கத்திரிக்கோல் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது.

முட்டின.

"ஐயோ!" துளசிமணி கையை எடுத்துவிட்டாள். மறுபடியும் தொட்டுப் பார்த்தாள். "என்னங்க இது, கை இப்படி விறைச்சுக் கெடக்குது?"

"அது அப்படித்தான்."

"சாப்பிட்டு இத்தனை நேரம் ஆச்சுங்களே. வெயில்ல வேற வந்திருக்கீங்க."

"பொழுது போறவரைக்கும் விடாது. எலும்புக்குள்ள போயிருது அந்தக் குளிரு. சில நாள் விரலே மடங்காது."

"ஒரு நாளும் சொல்லலியே நீங்க!"

"பழகியிருக்கும்னு நீயே சொல்லிப்போட்டே. அதுக்கு மேல என்னத்தைச் சொல்றது?"

அவன் அவள் கையைப் பிடித்துத் திருப்பினான். மணிக்கட்டு வரைக்கும் எண்ணெய் தெறித்த கொப்புளம். சில பழசு, சில இன்றைக்கு வந்தது. உள்ளங்கை தோசைக்கல்லாட்டம் கொதித்தது.

"ஏம்புள்ள, காய்ச்சலா?"

"காய்ச்சலெல்லாம் இல்லீங்க. தெனமும் இப்படித்தான். ரெண்டு சொம்பு தண்ணி ஊத்தினாலும் அடங்கறதில்லை. எங்காவது ஜில்லுனு ஒரு இடம் கெடைக்காதான்னு இருக்கும்." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "திமிர்ல பதினெட்டு வெக்கறேன்னு நெனச்சீங்களா?"

"அப்படித்தான் நெனச்சேன்" என்றான் நாச்சிமுத்து. உள்ளதைச் சொல்லிவிட்டான். பிறகு அந்தக் கொப்புளங்களின் மேல் தன் உள்ளங்கையை வைத்தான்.

"அம்மாடி" என்று கண்ணை மூடினாள் அவள். "எடுக்காதீங்க. அப்படியே வெச்சிருங்க."

"நீயும் எடுக்காதே. எனக்கு இப்பத்தான் விரலு மடங்குது."

ஏசி அணைந்திருந்தது. ஃபேன் நின்றிருந்தது. ரெண்டையும் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தது போர்வை. பயம் இன்னும் போகவில்லை. பக்கத்தில் கிடந்த கத்திரிக்கோலிடம் மெல்லக் கேட்டது.

"என்னங்க, வெட்டுவீங்களா மாட்டீங்களா?"

"நடுவுல வெட்டச் சொன்னாங்க" என்றது கத்திரிக்கோல். "நடுவுல ரெண்டு பேரு கையும் இருக்குது. அங்க நான் எப்படி வெட்டறது?"