இறங்காத சைக்கிள்

கொட்டமலை அடிவாரத்தில் ஊத்துப்பள்ளம் என்று ஒரு ஊர். அந்த ஊரில் யாரிடமாவது ஒரு வேலை சொன்னால், சொன்னபடியே செய்துவிடுவார்கள். அதுதான் அந்த ஊரின் கஷ்டம்.

சென்றாயனின் மனைவி மாதம்மாள் ஒரு நாள் சாம்பாரை அடுப்பில் வைத்துவிட்டு, "உப்புப் பாருய்யா" என்று சொல்லிவிட்டுத் தண்ணிக்குப் போனாள். சென்றாயன் உப்பு ஜாடியைத் திறந்து நன்றாகப் பார்த்தான். இருந்தது. மூடி வைத்தான். அன்றைக்கு விருந்துக்கு வந்திருந்த மாதம்மாளின் அண்ணன் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, தங்கச்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாதம்மாள் அவரோடேயே கிளம்பி மலைமேல் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

பிறகு ஆள் மூலம் செய்தி வந்தது. "எங்க அக்கா வீட்டுக்காரர் ஸ்கூட்டர்ல வந்து கூட்டிப் போறாரு. நீ சைக்கிள்லயாவது வா. நடந்து வந்தா கூப்பிடாத."

சென்றாயனுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. தானே சமைத்ததும் அதற்கு ஒரு காரணம். கூட்டாளிகள் மாதையனையும் தீர்த்தனையும் கூப்பிட்டு யோசனை கேட்டான். மாதையனின் மச்சான் பெங்களூரில் இருக்கிறார், விவரமானவர். அவருக்குப் போன் போட்டார்கள்.

"மலைப் பாதைக்குச் சாதா சைக்கிள் தாங்காதுங்க," என்றார் மச்சான். "ஹார்ட்டெயில்னு கேளுங்க. கெட்டி வால்னு அர்த்தம். முன்னாடி ஸ்பிரிங் இருக்கும், பின்னாடி இருக்காது. கொஞ்சக் காசுக்கு அதுதான் நல்லது. மலைக்கு ஏத்த மாதிரி பார்த்து எடுங்க. ஓட்டிப் பார்க்காம வாங்காதீங்க. என்ன ஆனாலும் பட்ஜெட்டைத் தாண்டிடாதீங்க."

"பட்ஜெட்னா?"

"கையில வெச்சிருக்கிற பணம்தான்."

சென்றாயன் நிலக்கடலை விற்ற பணத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டான். தீர்த்தன் மலையிலிருந்து ஒரு கல்லைப் பெயர்த்துத் தோளில் வைத்துக்கொண்டான். பாளையத்துச் சைக்கிள் கடையில் ஜமால் பாய் வண்டி துடைத்துக்கொண்டிருந்தபோது மூன்று பேரும் போய் இறங்கினார்கள். தீர்த்தன் கல்லை மேசைமேல் வைத்தான்.

"என்னங்க இது?"

"எங்க மலைங்க பாய். முழுசாக் கொண்டாற முடியல. இதுக்கு ஏத்த மாதிரி ஒண்ணு எடுத்துக் குடுங்க."

ஜாக்கெட்டுத் துணிக்குப் புடவையைக் கொண்டு போகிறோமே, அந்த மாதிரிதான். பாய் கல்லைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், ஒரு சாம்பல் நிறச் சைக்கிளை எடுக்க உள்ளே போனார்.

இதற்குள் சென்றாயன் மஞ்சள் பையை நடுக்கடையில் கீழே வைத்து, பக்கத்தில் நின்றுகொண்டான். மூன்று பேரும் அதைச் சுற்றிச் சுற்றியே நடந்தார்கள். பாய் சைக்கிளோடு வந்தவர் பையைத் தாண்டிவிட்டார்.

சென்றாயனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "பாய், பட்ஜெட்டைத் தாண்டிட்டீங்களே."

"எங்கங்க தாண்டினேன்? நான் இன்னும் விலையே சொல்லலையே."

"தப்பா நெனைக்காதீங்க. தாண்டினதை அப்படியே திருப்பித் தாண்டிடுங்க."

காலையில் முதல் வியாபாரம். பாய் பின்பக்கமாக ஒரு முறை தாண்டிவிட்டு நின்றார். சென்றாயனுக்கு மூச்சு வந்தது.

அடுத்தது வால். சைக்கிளைச் சுற்றி வந்து தேடினார்கள். மட்கார்டு கூட இல்லை. மாதையன் சீட்டுக்குக் கீழே கையை விட்டுத் தடவிப் பார்த்தான்.

"வால் எங்கங்க பாய்?"

"ஹார்ட்டெயில்னா வாலா இருக்கும்? பின்பக்கம் கெட்டியா இருக்கும்னு அர்த்தங்க."

"கெட்டியா இருக்கிறதைத்தான் கேக்கறோம்."

தீர்த்தன் மாட்டுச் சந்தைக்கெல்லாம் போய் வந்தவன். "வாலை விடு. பல்லைப் பார்த்தாப் போச்சு," என்றான். பாயும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "பல்லு பாருங்க, தேய்மானமே இல்ல," என்று பின்சக்கரத்துப் பல்சக்கரத்தைக் காட்டினார். தீர்த்தன் குனிந்து பார்த்துவிட்டு சென்றாயனைத் தனியாக இழுத்துப்போனான்.

"எட்டுப் பல்லு மொளைச்சாலே மாடு முழுசா வளந்துடுச்சுன்னு அர்த்தம். இதுக்கு வாயெல்லாம் பல்லு. கெழடு."

"கெழடா இருந்தாலும் பல்லு ஒண்ணும் ஆடலையே," என்றான் சென்றாயன். அவனுக்கு அந்தச் சைக்கிள் பிடித்துப் போயிருந்தது. மாதம்மாளுக்கும் பிடிக்கும் என்று பட்டது.

ஓட்டிப் பார்க்கத் தெருவுக்குக் கொண்டு வந்தார்கள். சென்றாயனுக்கு நன்றாகச் சைக்கிள் விடத் தெரியும், ஏறி உட்காரப் போனான். மாதையன் தடுத்தான். "மச்சான் ஓட்டித்தானே பார்க்கச் சொன்னாரு? ஏறச் சொல்லலையே." ஸ்டாண்டில் நிற்கவைத்து, பின்னால் நின்று வேப்பங்குச்சியை ஆட்டி "ஹை, ஹை" என்று ஓட்டினார்கள். சைக்கிள் அசையவில்லை.

"முரண்டு பண்ணல, ஒதைக்கல," என்றான் தீர்த்தன். "சாதுவானதுதான்."

எல்லாம் சரி என்று ஆன பிறகு விலை. சென்றாயன் குறைக்கச் சொல்லிக் கெஞ்சினான். பாயும் இறக்கி இறக்கிக் கடைசியில் பையில் இருந்த பணத்துக்கு வந்து நின்றார். அப்போதும் சென்றாயன் விடவில்லை.

"இதுக்கு மேல இறங்காதுங்க," என்றார் பாய். "என் பிள்ளைங்க மேல சத்தியமா இறங்காது."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏறுமா?" என்று கேட்டான் சென்றாயன்.

"அடுத்த மாசம் கண்டிப்பா ஏறும்."

மறுபடியும் தனியாகப் போய் நின்றார்கள். "ஏறுமாம், ஆனா எறங்காதாம்," என்றான் மாதையன். "அதுவும் அடுத்த மாசம்தான் ஏறுமாம்."

"அடுத்த மாசம் வரைக்கும் என்னால சமைக்க முடியாது," என்றான் சென்றாயன். "மொதல்ல ஏறட்டும். அவளைப் பார்த்துட்டா அப்புறம் எறங்கறதைப் பத்தி யோசிக்கலாம்." மஞ்சள் பையை எடுத்துப் பாயிடம் கொடுத்தான்.

அடுத்த மாதம்தான் ஏறும் என்பதால் சைக்கிளைத் தொந்தரவு பண்ணாமல், தலைமேல் தூக்கிக்கொண்டே மலை ஏறினார்கள். மாமியார் வீட்டுக்கு ஒரு வளைவுக்கு முன்னால் இறக்கி வைத்தார்கள். சென்றாயன் ஏறி உட்கார்ந்து, மணி அடித்துக்கொண்டு வாசலில் போய் நின்றான். மாதம்மாள் வெளியே வந்தாள். சைக்கிளைப் பார்த்தாள். வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்த் துணி மூட்டையை எடுத்து வந்தாள்.

"ஒரு விஷயம் மாதம்மா," என்றான் சென்றாயன். "இது எறங்காது."

"யார் சொன்னா?"

"கடைக்காரரே சத்தியம் பண்ணினாரு."

மாதம்மாளும் ஊத்துப்பள்ளத்தில் பத்து வருஷம் குடித்தனம் பண்ணியவள். "அது மலையைப் பார்த்தே நிக்கட்டும். நாம பின்பக்கமாவே போவோம். அதுக்கு ஏறறோம்னுதான் தெரியும்."

கூட்டாளிகள் அசந்து போனார்கள். சென்றாயனுக்குப் பெருமை தாங்கவில்லை. அவன் சீட்டில், மாதம்மாள் முன்கம்பியில், இரண்டு பேரும் மலையைப் பார்த்து உட்கார்ந்துகொள்ள, மாதையனும் தீர்த்தனும் பின்னால் பிடித்துக்கொண்டு மெதுவாக விட்டார்கள். சைக்கிளுக்குச் சந்தேகமே வரவில்லை. அடிவாரம் வரைக்கும் வந்துவிட்டது.

ஊர் எல்லையில் சனங்கள் பார்த்தார்கள். மாதம்மாள் மூட்டையோடு சைக்கிளில் உட்கார்ந்திருக்கிறாள். முகம் மலையைப் பார்த்து இருக்கிறது.

"ஐயோ, மறுபடியும் அம்மா வீட்டுக்குப் போறா. இந்தத் தடவை இவனும் கூடப் போறான்."

"நான் வந்துக்கிட்டிருக்கேன்," என்றாள் மாதம்மாள்.

"வர்றவ மூஞ்சி எதுக்கு அந்தப் பக்கம் இருக்குது? கோவத்துல பேசாத தாயி."

ஊரே கூடிச் சைக்கிளைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தது. கடைத்தெரு போனது. சென்றாயன் வீடும் போனது. "வீடு, வீடு," என்று அவன் கையைக் காட்டினான். "பாரு, வீட்டை நெனைச்சு அழறான். ஆனா அவ இன்னும் மலையைத்தான் பாக்கறா. விடாதீங்க," என்று இன்னும் பலமாக இழுத்தார்கள். ஏரி, கரும்புத் தோட்டம், அடுத்த ஊர் எல்லாம் தாண்டி, மலை கண்ணுக்கு மறைந்த இடத்தில்தான் கையை எடுத்தார்கள்.

"இப்பப் போக மனசு வராது," என்று திருப்தியாகத் திரும்பினார்கள். அப்போதுதான் தீர்த்தன் ஒரு விஷயத்தைக் கவனித்தான். ஊருக்குப் போகும் வழி மலையைப் பார்த்துத்தான் இருக்கிறது.

"நில்லுங்க. இப்படியே நடந்தா நாமளும் கோவிச்சுக்கிட்டுப் போறோம்னு ஆயிடும்."

வாஸ்தவம்தான் என்று எல்லோருக்கும் பட்டது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சென்றாயனும் மாதம்மாளும் சேர்ந்துகொள்ள, ஊத்துப்பள்ளத்துச் சனம் மொத்தமும் மலைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு, வரப்பிலும் வாய்க்காலிலும் விழுந்து எழுந்து, பின்பக்கமாகவே நடந்து ஊர் போய்ச் சேர்ந்தது.